அரை மணி நேரம்

மஞ்சக்குப்பம் ஒன்றிய அலுவலகக் கூடம்.
ஜன்னல்களில் பழைய பேனர்களைக் கட்டி
பதினொரு மணிக்கே இருட்டாக்கிவிட்டார்கள்.
நாற்பத்திரண்டு பேர் நாங்கள்,
சத்துணவுச் சமையலர்களும் உதவியாளர்களும்.

ஹசீனா மேடம் ஒரு களிம்பு தந்தார்.
வாசமில்லை. பிசுக்குமில்லை.
பூசினோம். பிறகு சோப்பு, குழாய்,
இருபது வரை எண்ணச் சொன்னார், எண்ணினோம்.
சுத்தமென்றுதான் நினைத்திருந்தோம்.

ஊதா விளக்கைப் போட்டதும்
நகக்கண்ணில், விரலிடுக்கில்,
மோதிரத்துக்குக் கீழே
நீலமாய் மினுங்கியது எல்லாருக்கும்.
"ராத்திரிக் கடல் சில நாள் இப்படித்தான் இருக்கும்"
என்றாள் தாழங்குடா செங்கேணி.
"கிருமியும் இப்படித்தான் இருக்கும்" என்றார் மேடம்.

என் முன்கையில் மட்டும் ஒரு நீளக் கோடு.
"இதையும் தேய்க்கணும்மா."
"சாம்பார் அண்டா சரிஞ்ச தழும்புங்க,
ஒம்பது வருஷமா தேய்க்கிறேன்."
சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.
கையைத் திருப்பி, வெகு நேரம் பார்த்தார்.
அடுத்து தீயணைப்பான் என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில்
தகரத்தில் பழைய சாக்கைக் கொளுத்தி வைத்திருந்தார்கள்.
பின்னை இழுத்த செங்கேணி கண்ணை மூடிக்கொண்டாள்.
தீ அப்படியே இருந்தது.
வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப்பு
ஒரு பக்கம் வெளுத்துப்போனது.

சோறு எத்தனை சூடென்று கேட்டார்.
ஆவிக்கு மேல் உள்ளங்கையைக் காட்டி
அறுபத்தைந்து என்றேன்.
கம்பியைச் செருகினார்கள்: ஐம்பத்தெட்டு.
இத்தனை வருஷம் நம்பிய கை.
அதை மடியில் வைத்துக்கொண்டு
மற்றவர்கள் சொன்ன எண்களைக் கேட்டபடி இருந்தேன்.
ஒருத்தி எழுபது என்றாள்.
கொஞ்சம் ஆறுதல்.

மத்தியானம் பொட்டலம் வந்தது,
எலுமிச்சைச் சோறு, ஒரு அவித்த முட்டை.
பிரித்தோம்.
ஆளுக்கு ஒரு விரல்நுனி எடுத்து
நாக்கில் வைத்தோம்.
திரும்ப மூடினோம்.
நாற்பத்திரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி
உட்கார்ந்திருந்தோம்.

"சாப்பிடுங்க, ஏன்?"
யாருக்கும் பதில் தெரியவில்லை.
பிள்ளைகளுக்கு அரை மணி முன்னால் நாங்கள் ருசிப்போம்.
ருசிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம்.
வாந்தி இல்லை, மயக்கம் இல்லை என்றால்
தட்டு வைக்கலாம்.
பதினேழு வருஷமாக நான் எழுதுகிற ஒரே சொல்
'நன்று'.
உப்பு கூடின நாளிலும் அதையே எழுதியிருக்கிறேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் வந்தது.
திருமாணிக்குழியிலிருந்து ரோஸ்லின், புது உதவியாளர்,
இன்றைக்குத் தனியாக.
"அக்கா, உட்கார வச்சாச்சு.
நான் ருசி பாத்து அரை மணி ஆச்சு,
ஒண்ணும் ஆகல."
பின்னால் தட்டுகளின் சத்தம்,
யாரோ பெரிய முட்டை கேட்கிற சத்தம்.
அப்புறம்தான் எனக்குப் பசித்தது.

சான்றிதழில் அஞ்சலாட்சியை
அஞ்சலி ஆக்கியிருந்தார்கள்.
அடுத்த பயிற்சி ஐப்பசியில்; மழை பெய்தால் தள்ளிப்போகும்.
பாலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் அடுப்பு பற்றவைக்கும் முன்
மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன்.
கல்யாணத்தன்று ஏறியது.
சோப்புக்கு அசையவில்லை.
கடலை எண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள் ரோஸ்லின்.
வந்தது.
அடியில் வெளுத்த வளையமொன்று,
வெயிலே படாத தோல்.
இருபது வரை எண்ணிக் கழுவினேன்.