ஏழு பல்

பழைய சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தான் பூதத்தான்,
பாரும் செயினும்.
தோளில் புது மிஷின், விலைச்சீட்டு இன்னும் கிழிக்கவில்லை.
"ஓடமாட்டக்கு யக்கா. துள்ளுது.
பல்லு மேல ஏறி நிக்கு."

அம்பை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
மரமறுக்கும் மிஷினுக்குச் சாமான் விற்கும்
ஒரே பொம்பளை நான்.
மூன்று ரிவெட்டை அளந்து பாதியாக்கினேன்:
முன்னூற்று இருபத்தைந்து.
பார் மூக்கில் தேய்ந்த எழுத்தும் அதையே சொன்னது.
கிளட்ச் மூடியைக் கழற்றினால்
உள்ளே ரிம் மூணு பை எட்டு.
எல்லாரும் இஞ்சைக் கேட்டே வாங்குகிறார்கள்.
பிட்சை யார் கேட்கிறார்கள்?

"பார் ஏது?"
"பாகத்துல வந்தது.
மிஷின் அண்ணனுக்கு, பாரும் செயினும் எனக்கு.
நாலு ஆளு வச்சு எழுதுனது."

கிணற்றுக்கு முறை வைப்பார்கள், பார்த்திருக்கிறேன்.
பனையை எண்ணிப் பிரிப்பார்கள்.
ஓடுகிற ஒன்றைக் குறுக்கே அறுத்துப்
பத்திரத்தில் ஏற்றியது
இதுதான் முதல் தடவை.

"அண்ணன்கிட்ட உள்ளது இதுக்குச் சரியா சேரும்.
மன்னார்கோவிலுக்கு வண்டில பத்து நிமிசம்."
அவன் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.
"ரிம்மு எவ்வளவு?"

ஏழு பல், அறுநூற்றைம்பது ரூபாய்.
மாட்டி இழுத்துவிட்டதும்
காடிக்குள் சொன்னபடி ஓடியது செயின்.
கழற்றியதை "எனக்கு எதுக்கு" என்று
தராசுத் தட்டில் போட்டுவிட்டுப் போனான்.

ஐந்தேகாலுக்குக் கரண்ட் போன நேரம்
சிவனணைந்தான் வந்தான். தம்பிக்கு உள்ள அதே மூக்கு.
பழைய மிஷின், புது பார், புது செயின்,
தென்காசியில் தள்ளுபடிக்கு வாங்கியது, மூணு பை எட்டு.
காற்றில் சாய்ந்த மருதம்
கால்வாய்க்குக் குறுக்கே கிடக்கிறதாம்,
நாளைக் காலையில் தண்ணீர் திறப்பு.

திறக்காமலே தெரியும்.
இருந்தாலும் திறந்தேன்.
செல்போன் வெளிச்சத்தை அவன் பிடித்துக்கொண்டான்.
தட்டில் கிடந்ததை எடுத்து
உள்பல் ஒக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒத்தது.

"பழசா யக்கா?"
"ஒரு நாளு ஓடுனது."
"யாரு மிஷினுல கெடந்தது?"
"ரிம்முக்கு நூறு ரூவா.
கேள்விக்குத் தனி ரேட்டு."

சிரிக்கவில்லை. நூறையும் கொடுத்து
நட்டைத் தானே முறுக்கிக்கொண்டு போனான்.

அவன் கழற்றியது இப்போது தட்டில்.
தேய்மானம் அதிகமில்லை.
ரெண்டு செயினுக்கு ஒரு ரிம் மாத்தணும் என்று
பூதத்தானிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.