அளவுமானி

ஃபின்மார்க் கரை. மே மாதத்திலும் பனி.
பாதிக் கோபுரம் ஏறியபோது
தோருனின் மார்பில் தொங்கிய அளவுமானி கீச்சிட்டது:
நாலாம் ஆன்டெனாவை அணைக்க மறந்துவிட்டார்கள்.

இறங்கினாள். போன் போட்டாள்.
"மன்னிச்சுக்கோ, இதோ அணைக்கிறேன், இனி நீ ஏ…"
ஆஸ்லாக்கின் குரல் பாதியில் அறுந்ததுதான்
அனுமதிச் சீட்டு.

உச்சியில்,
மஞ்சள் எச்சரிக்கைத் தகட்டை
எச்சத்தால் வெள்ளையடித்துவிட்டு
உட்கார்ந்திருந்தது ஓர் அண்டங்காக்கை.
கையுறையைக் கொத்த எழுந்தபோது தெரிந்தன
நாலு முட்டைகள்.
அதற்கு யாரும் அளவுமானி மாட்டவில்லை.

கீழே துறைமுகத்தில்
போனை வானத்துக்கு நீட்டி நீட்டி
அவளைத் திட்டிக்கொண்டிருந்தது ஊர்.

மரை முடுக்கியாயிற்று.
இன்னும் பத்து நிமிடம்
காற்றில் சும்மா தொங்கினாள்.

தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
பிறகு எழுதினாள்:
மரை துருப்பிடித்திருந்தது.