பதினோரு பீப்பாய்

லியாண்ட்ரோ கலிசாயா,
இந்த வருஷமும் வந்திருக்கிறேன்.
டிட்டிகாக்கா ஏரிக்கரையில் உன் தங்கை வீடு.
வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்.
இதைப் பார்த்து வளர்ந்தவன்
நா வறண்டு செத்தான் என்றால்
யார் நம்புவார்.

நேற்று நடுப்பகலில் வந்திருப்பாய்,
எல்லா வீட்டுப் பிணங்களும் வருகிற நேரத்தில்.
யூலாலியா கறுப்புத் துணி விரித்திருந்தாள்.
ஊன்றி நடக்க ஒரு கரும்பு.
இறங்கி வர ரொட்டியில் ஓர் ஏணி.
தாளோடு பிடுங்கிய வெங்காயம்:
தாளுக்குள் வெறும் குழல்தானே,
திரும்பிப் போகிறவர்கள் அதில்
தண்ணீர் மொண்டு போவார்களாம்.

மூன்று வருஷம் மேசை போட்டால் போதும்
என்பது ஊர் வழக்கம்.
இது பதினான்காவது.
பக்கத்து வீட்டுக்காரி ஜாடையாகக் கேட்டாள்.
"சாக்கோவிலிருந்து நடந்து வருகிறான்,
லேசான தூரமா?" என்றாள் உன் தங்கை,
கையில் ஒட்டிய மாவை உதறாமல்.

தண்ணி லாரி ஓட்டியவன் நான்.
என் பெயர் உனக்குத் தெரிந்திருக்காது.
முன்னணியில் யாருக்கும் தெரியாது.
'தண்ணி வருது, தண்ணி வருது'
அதுதான் என் பெயர்.
அன்று வரவில்லை.

பதினோரு பீப்பாயோடு கிளம்பினேன்.
முள்காடு. மாவு போல மணல்.
பின்சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது.
கிளை வெட்டிப் போட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு
ஏற்றினால் பத்தடியில் மறுபடி இறங்கும்.
ரேடியேட்டர் கொதித்துச் சீறியது.
லாரிக்கும் தாகம்.
முதல் பீப்பாயைத் திறந்தேன்.
விடிவதற்குள் இரண்டாவதையும்.
உங்கள் தண்ணீர் ஆவியாகி
என் முகத்தில் அடித்தது.
வாயைத் திறந்துவைத்துக்கொண்டேன்.
இதைப் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

ஒரு பகலும் ஓர் இரவும் தாமதம்.
கெப்ராச்சோ மரத்தடியில்
முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி.
குழிக்குள் உன் கை. கையில் வளைந்த கரண்டி.
அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.
சாம்பல் மாதிரி இருந்தது.
லாரியில் ஒன்பது பீப்பாய்.
கேட்க ஆள் இல்லை.
உன் முகத்தைக் கழுவினேன்.
கழுத்தை, காதுகளை, விரல் இடுக்குகளை.
அவ்வளவு தண்ணீரா என்று
பின்னால் வந்த தளபதி திட்டினார்.

தலைநகரில் பித்தளைப் பலகையில் உன் பெயர் இருக்கிறது,
ஓர் எழுத்துக் குறைவாக.
திறப்பு விழாவில் பேண்டு வாசித்தார்கள்.
வெயிலில் நின்றவர்களுக்குச் சோடா கொடுத்தார்கள்.
என்னால் குடிக்க முடியவில்லை என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
குடித்தேன். இரண்டு.

கரண்டியைக் கொண்டுவந்து கொடுத்தபோது
உன் தங்கை கேட்டாள்:
"மொத்தம் எத்தனை பீப்பாய்?"
சொன்னேன்.
"லாரிக்கு எத்தனை?"
சொன்னேன்.
உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.
அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

ராத்திரி விளிம்புவரை வைத்த தம்ளர்
காலையில் ஒரு விரற்கடை குறைந்திருக்கும்.
வந்து குடித்துவிட்டான் என்பார்கள்.
இந்த உயரத்தில் காற்றே உறிஞ்சிவிடும்;
தண்ணீர் எப்படிப் போகும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
ஆனாலும் ஆள் பார்க்காத நேரத்தில்
மறுபடி விளிம்புவரை ஊற்றிவைப்பேன்.

இன்று காலை ஊற்றப் போனபோதுதான் பார்த்தேன்.
முகம் வைத்த குழந்தை ரொட்டிகள், குதிரை, ஏணி,
இவற்றுக்கு நடுவே
ஒரு லாரி.
கொஞ்சம் கோணல். ஒரு பக்கம் கருகல்.
முதுகில் சின்னச் சின்ன மாவு உருண்டைகள்.
எண்ணினேன்.
விரல் வைத்து மறுபடி எண்ணினேன்.
பதினொன்று.
யூலாலியா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

இப்போது மேசையைக் கலைக்கிறார்கள்.
ஜெபம் சொன்னவர்களுக்கு ரொட்டி.
லாரி, விக்டோரியானோவின் கடைக்குட்டிக்குப் போயிற்று.
மண்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து
முதலில் சக்கரங்களைத் தின்கிறான்.
பிறகு பீப்பாய்களை, ஒவ்வொன்றாக.
காய்ந்த ரொட்டி.
விக்கல் எடுக்கிறது அவனுக்கு.
உன் தம்ளரை எடுத்துக்கொண்டு
ஓடுகிறேன்.