கல்லாவில் விண்வெளி வீரர்

டுலூத்தில் மூன்றாம் நாளாகப் பனிப்புயல்.
சாப்பாட்டு மேசையில் ஆர்வில் ஹோகன்சன்
அந்தக் காலத்து இரும்புக்கடை ஒன்றைக்
கட்டை கட்டையாக எழுப்புகிறார்.

பழுப்பில் நாற்பத்தோரு இழுப்பறை.
கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாய் பெயின்ட் டப்பாக்கள்,
சாய்த்த ஏணி, பனி தள்ளும் மண்வெட்டி.

கடைக்காரரின் தலையைப்
பூனை எங்கோ உருட்டிவிட்டது.
மகள் விட்டுப்போன டப்பாவைக் கிளறி
டெல்லா ஒரு விண்வெளி வீரரைக் கொண்டுவந்தாள்.
கல்லாவுக்குப் பின்னால் அவர் நிற்கிறார்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
இந்தக் குளிருக்கு அதுவும் சரிதான்.

கூரையை வைத்து அழுத்தியபோது
மேசை ஆடியது.
காலில் ஒரு திருகாணி இல்லை,
நவம்பரிலிருந்தே.

ஆர்வில் குனிந்தார்.
கடைக் கதவைச் சுண்டுவிரலால் தள்ளி,
"மூன்றங்குலத்தில் ஒன்று இருக்குமா?"

டெல்லா மூக்கைப் பிடித்துக்கொண்டு
விண்வெளியிலிருந்து பேசினாள்:
"இருக்கிறது.
கடன் மட்டும் கேட்காதீர்கள்."