வெள்ளிக்கிழமை இல்லாத ஊர்

மூன்று வருடமாக எங்கள் ஊரில்
வெள்ளிக்கிழமை கிடையாது.
டீசல் மிச்சம், மின்கட்டணம் மிச்சம் என்று
பள்ளி அதை எடுத்துவிட்டது.
சேதி சொன்ன துண்டுச்சீட்டு
கெட்சப் கறையோடு
கோராவின் சாப்பாட்டுப் பை அடியில்
நான்கு நாள் கிடந்திருக்கிறது.

எடுத்த நாளை எங்கே வைப்பது?
லானி ப்ரூயிட் தன் டயர் கடையில் வைத்தார்,
இரண்டு பையன்களையும்
ஜாக்கி தூக்கிய வண்டிகளுக்கு நடுவே.
நான் முதியோர் இல்லத்துச் சலவை அறையில்.
கோரா அங்கேதான் பின்னக்கணக்கு போட்டாள்:
போர்வையை ஒருமுறை மடித்தால் அரை,
மறுபடி மடித்தால் கால்,
அரைக்காலுக்கு அவள் கை எட்டவில்லை.

வியாழன் மதியம் உணவுக்கூடத்தில்
பால் டப்பாக்கள் குறையும்.
பரிமாறும் டார்லா பார்ப்பாள்.
கணக்கில் ‘சிந்தியது’ என்று எழுதுவாள்.

ஊருக்குள் குற்றம் சொல்ல ஆளில்லை.
பள்ளிக் கண்காணிப்பாளரே காலையில் பஸ் ஓட்டுகிறார்.
கணக்கு வாத்தியார் எல்லை தாண்டி
டெக்சாஸுக்குப் போய்விட்டார்,
கணக்குத் தெரிந்தவர்.
பணம் தலைநகரில்தான் முடிவாகிறது என்றார்கள்.
மசோதா விசாரணைக்கு வருகிறது என்றார்கள்.

சபையின் வேன், பதினோரு பேர்,
விடியுமுன் மூன்று மணிக்கு.
ரொசால்பா கோழி ஆலையின் இரவு வேலையிலிருந்து
நேராக ஏறினாள்.
ரப்பர் பூட்ஸ், குளோரின் வாசம்.
ஜன்னலைத் திறக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
அவளே திறந்தாள்.

பாதி வழியில் பெட்ரோல் பங்கில்
லானியின் பையன்கள் டோனட்டுக்கு அடித்துக்கொண்டபோதுதான்
எனக்கு உறைத்தது:
பிள்ளைகளைக் கூட்டிவர முடிந்ததே
இன்று வெள்ளி என்பதால்.

பளிங்குத் தரையில்
எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கு முன்னால் போனது.
வாசல் பதிவேட்டில்
‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில்
கோரா எழுதினாள்: எல்லாரையும்.
காவலர் அதைத் திருத்தவில்லை.

விசாரணை அறையில் மூன்று விளக்கு,
பச்சை, மஞ்சள், சிவப்பு.
எங்கள் ஊர்ச் சாலைக்கே அது கிடையாது.
ஆளுக்கு இரண்டு நிமிடம்.
முன்னால் வரைபடங்களோடு வந்தவர்
இருபது நிமிடம் பேசினார்.
நிபுணர்களுக்கு விளக்கு எரிவதில்லை.

லானி ஏழு பக்கம் எழுதியிருந்தார்.
மனைவி வெட்டி ஒன்றாக்கியிருந்தாள்.
மைக் முன்னால் நின்று
கண்ணாடியைத் தேடினார்,
சட்டைப் பையில், கால்சட்டைப் பையில்.
பச்சை போய் மஞ்சள் வந்தது.
“ஐயா, என் கல்லாவில்
வெள்ளிக்கிழமையும் வரி பிடிக்கிறீர்கள்.
அவ்வளவுதான்.”
யாரோ சிரித்தார்கள்.
தலைவர் நன்றி சொன்னார், பெயரைத் தப்பாக.
கண்ணாடி அவர் தலைமேல் இருந்தது.

ரொசால்பா ஸ்பானிஷில் பேசினாள்.
அவள் ஒரு வாக்கியம், மொழிபெயர்ப்பு ஒரு வாக்கியம்;
இரண்டு நிமிடம் ஒன்றாகிவிட்டது.
மகன் ஏழாம் வகுப்பு,
மின்கட்டணக் கடிதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான்,
ஃபியூஸ் பிடுங்கும் தேதி மட்டும்
அவனுக்குத் தடங்காமல் வருகிறது,
என்னும்போது சிவப்பு.
மைக்கை அணைத்தார்கள்.
அவள் நிறுத்தவில்லை.
கழுத்தில் அரசு அட்டை தொங்கிய
மொழிபெயர்ப்புப் பெண்
ஒரு கணம் தலைவரைப் பார்த்தாள்.
பிறகு அவளும் நிறுத்தவில்லை.

ஆலை இயந்திரங்களுக்கு மேலே
பேசிப் பழகிய குரல் ரொசால்பாவுக்கு.
கடைசி வரிசையில் எனக்குக் கேட்டது.

மசோதா வாய்தா வாங்கியது,
ஐந்துக்கு நான்கு.
வடக்கு மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் மட்டும்
நெடுநேரம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.
நாம் சொன்னதைத்தான் என்கிறாள் டார்லா.
மளிகைச் சீட்டு என்கிறார் லானி.

திரும்பும்போது வேனில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்,
ஓட்டிய என்னையும் ரொசால்பாவையும் தவிர.
பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்று
மூன்று முறை சொன்னாள்.

அடுத்த அமர்வு பிப்ரவரியில்.
கிழமை இன்னும் அறிவிக்கவில்லை.