உள்பக்கம்

வெளியே குத்தாதே, உள்ளே வைத்துத் தை என்றான்
ஓல்டன், நிலக்கரிக் கிட்டங்கிக் கணக்கன்.
வெண்கல நட்சத்திரம். பின்புறம் பெயர், ஒரு தேதி.
துறைமுக வீதியில் எத்தனையோ பதக்கம் தைத்தவன் நான்;
எல்லாம் நெஞ்சுக்கு வெளியே.

எந்த நாட்டோடு சண்டை, துரை?
என் நாட்டோடுதான்.
நூலைப் பல்லால் கடித்தேன். விளங்கவில்லை.

எதிரியின் கொடியைப் பிடுங்கியதற்காம்.
பிடித்திருந்த பையன் விடவில்லையாம்,
விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம்.
ஒவ்வொரு விரலுக்கும் அவன் ஏதோ சொன்னானாம்.
"ஒரு சொல்லாவது விளங்காமல் போயிருக்கலாம், லெப்பை."

கச்சான் காற்று. கரித்தூள்
கடைக்குள் ஏறி
மணவறைக்கு வந்த வெள்ளைச் சீலையைக் கெடுத்தது.
கூலி பன்னிரண்டு சதம்; பதினைந்து வைத்துப் போனான்.

காய்ச்சலில் செத்தான். சாமான்கள் ஏலம் போயின.

வாடை தொடங்கி மூன்றாம் நாள்
மூதூர்த் தோணிக்காரன் சவிரியான் வந்து நிற்கிறான்,
அதே கோட்டு, முழங்கை கிழிந்து.
"இடப்பக்கம் இழுக்குது, லெப்பை.
அளவு பிழையோ?"

தடவிப் பார்த்தேன். என் தையல். ஒரு கண்ணும் விடவில்லை.

அளவு சரி என்றேன்.
முழங்கையை மட்டும் தைத்துக் கொடுத்தேன்.