பிரதி ஒன்று

மூட்டை ராணிப்பேட்டையிலிருந்து வந்தது.
சாக்கைப் பிரித்ததும் வேப்பிலைத் தூள், கரப்பான் முட்டை,
அதற்கும் அடியில் இது:
பூமியையும் வானத்தையும் பற்றி ஒரு வினாவிடை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, விலை அணா ஆறு.

லாங் பஜாரில் செருப்புக்கடைக்கு மேல்மாடி.
சித்திரை மாத வேலூர். ஸ்கேனர் கொதிக்கும்,
ஃபேனைப் போட்டால் பக்கம் பறக்கும்.
ஆகவே வேர்வைக்கு ஒரு துண்டு,
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்.

கடைசித் தாளின் பின்புறம் கையொப்பக்காரர் பட்டியல்.
அச்சேறும் முன்பே காசு கட்டியவர்கள்.
'அதெல்லாம் பாடமில்ல, வுட்டுடுமா' என்பார் தயாபரன்.
நான் விடுவதில்லை.
வாலாஜாப்பேட்டை ஜவுளி முதலியார், பிரதி பத்து.
மேல்விஷாரம் தோல்மண்டி சாயபு, பிரதி ஐந்து.
ஆரணி தாலுகா கச்சேரி குமாஸ்தா, இரண்டு.
ஒவ்வொருவர் முன்னாலும் மகாராஜராஜஸ்ரீ,
சுருக்கி, கோடு போட்டு.
கடைசி வரிக்கு மட்டும் அந்தக் கோடு இல்லை:
காட்பாடி ஜங்ஷன், பாயிண்ட்ஸ்மேன் வெ. கெங்கன்,
பிரதி ஒன்று.

என் கையிலிருப்பது அந்த ஒன்று.
உள்ளட்டையில் பென்சிலால் அதே பெயர்,
'கெ'யின் கொம்பை மறந்து, பிறகு செருகியது.

அப்போதெல்லாம் தாளை மடித்தபடியே தைத்து விற்பார்கள்.
ஓரம் கிழித்துத் திறப்பது வாசிக்கிறவர் பாடு.
கெங்கன் முப்பத்திரண்டு வரை திறந்திருக்கிறார்.
கத்தியால் இல்லை, மொண்ணையான எதனாலோ,
ஓரமெல்லாம் நாய் கடித்த தோசை.
பதினேழில் ஒரு கட்டைவிரல்,
விளக்கெண்ணெயோ மசகெண்ணெயோ.

முப்பத்து மூன்றின் அடியில் ஒரு வினா:
நில உருண்டை சுழல்வது நமக்குத் தெரியாதிருப்பது ஏன்?
விடை முப்பத்து நான்கில்.
மடிப்புக்குள்.

அங்கே நின்றுவிட்டார்.
மாற்றலாகியிருக்கலாம். இரவு டூட்டியில் கண் சொருகியிருக்கலாம்.
புத்தகம் போரடித்திருக்கலாம், எனக்கும் அடித்தது.
உள்ளே போனது புழு மட்டும்,
கையொப்பமில்லாமல், காசு கட்டாமல்,
அட்டை முதல் அட்டை வரை ஒரே நேர்கோடு.

'இன்னாமா, இன்னும் முடிலியா? வெட்டிப் போடு.'
வெட்டினேன்.
ஸ்டீல் ஸ்கேலை மடிப்பில் நுழைத்து இழுத்தபோது
அந்தக் காலத்துக் காற்று வெளியே வரும் என்று நினைத்தேன்.
தூள் வந்தது. தும்மினேன்.

விடை:
ஓடும் ரயில் வண்டியுள் இருப்பவனுக்கு
வண்டி நிற்பதாகவும் மரங்கள் ஓடுவதாகவும்
தோன்றுமாப்போலே.

கெங்கனே,
நீர் வண்டியுள் இருந்தவர் இல்லையே.
கீழே கொடியோடு நின்று
ஓடுவது எது என்று தினம் பார்த்தவர்.
இந்த விடை உம்மை நினைத்து எழுதியதில்லை.

கணினி எழுத்தாக்கியதைச் சரிபார்க்க உட்கார்ந்தேன்.
முப்பத்து மூன்றில் புழுவின் துளை
'ல'வின் தலைக்கு நேர் மேலே.
கணினி அதைப் புள்ளி என்று எடுத்துக்கொண்டது.
நில உருண்டை இருந்த இடத்தில்
நில் உருண்டை.

விட்டுவிடலாமா என்று டீ ஆறும்வரை யோசித்தேன்.
பிறகு புள்ளியை எடுத்தேன். கூலி அதற்குத்தான்.
குறிப்பு என்ற கட்டத்தில் தட்டினேன்:
34 முதல் 47 வரை திறக்கப்படாதிருந்தது. வெட்டியது நான்.
அந்தக் கட்டம் வாசகர் கண்ணுக்குத் தெரியாதாம்.

மூன்று வாரம் கழித்து
காட்பாடி மேம்பால நெரிசலில் பஸ் நிற்க,
போனில் திறந்து பார்த்தேன்.
பார்த்தோர்: 3.
அதில் இரண்டு நான்.
மூன்றாமவருக்கு
ஊரில்லை, தொழிலில்லை, பெயரில்லை,
மகாராஜராஜஸ்ரீ சுத்தமாக இல்லை.
முப்பத்து நான்குக்குப் போனாரா என்று கேட்க
ஆளில்லை.

பஸ் நகர்ந்த மாதிரி இருந்தது.
பக்கத்து லாரிதான்.